சின்னக் குழந்தையோடு மதுரையில் சாப்பிட: காலையா, மதியமா, மாலையா, இரவா?

மதுரைக்குச் சாப்பிடவென்றே வருகிறவர்கள் கையில் ஒரு பட்டியல் இருக்கும். கறி தோசை, பன் பரோட்டா, அயிரை மீன் குழம்பு, ஜிகர்தண்டா, அல்வா. எந்தக் கடை நல்ல கடை என்று கேட்டுக்கொண்டே ரயிலை விட்டு இறங்குவார்கள். பெரியவர்கள் மட்டும் வந்தால் அந்தக் கேள்வி போதும். இடுப்பில் ஒரு குழந்தையும் இருந்தால், கடைக்கு முன்னால் நேரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த ஊரில் காலை ஏழு மணிக்குக் குழந்தையைத் தாராளமாக நடக்கவிடக்கூடிய வீதி, இரவு ஒன்பது மணிக்குக் கையைவிட்டு இறக்க முடியாத வீதியாகிவிடும். அடுப்பில் வேகும் பண்டமும் அப்படித்தான் நேரத்துக்கு நேரம் வேறு.

நான் மாசி வீதிகளுக்குள் வளர்ந்தவன். சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் குழந்தைகளோடு வரும் உறவினர்களைச் சாப்பிட அழைத்துப் போவது எங்கள் வீட்டில் என் பொறுப்பு. ஒன்றரை வயது முதல் நான்கு வயது வரையிலான குழந்தையோடு ஓரிரு நாள் தங்குகிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். ஒரு வயதுகூட ஆகாத குழந்தையென்றால் கணக்கு வேறு. தாய்ப்பாலும் குழைந்த பருப்புச் சாதமும் கையோடு இருந்தால் போதும், பெரியவர்கள் எங்கே வேண்டுமானாலும் சாப்பிடலாம்.

ஆசை அதிகம் இழுப்பது இரவுதான், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். தூங்கா நகரம் என்ற பெயருக்கு மதுரையின் இரவுக் கடைகளே சாட்சி. சிம்மக்கல் கோனார் கடையின் கறி தோசை, கனத்த தோசை மாவின்மேல் முட்டையும் கறியும் பரப்பி, திருப்பிப் போட்டு எடுத்துத் தருவது. சாத்தமங்கலம் ஆவின் பக்கம் பெயர் வாங்கிய பன் பரோட்டா வெளியே மொறுமொறுப்பாகவும் உள்ளே பஞ்சாகவும் இருக்கும். கொத்து பரோட்டா போடும் சத்தம் கேட்டால் வயிறு நிறைந்தவனுக்கும் பசிக்கும். இவற்றை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் குழந்தையின் பக்கம் நின்று பாருங்கள். அது எட்டு, எட்டரைக்குக் கண் செருகும். நல்ல கடையில் இடம் கிடைக்க நிற்க வேண்டும். நிற்கிற இடம் பெரும்பாலும் கல்லுக்குப் பக்கத்தில், புகையும் எண்ணெய்த் தெறிப்பும் எட்டுகிற தூரத்தில். சால்னாவும் குழம்பும் மாலையிலேயே கொதித்து முடித்து வைத்தவை. “காரம் குறைத்துக் கொடுங்கள் அண்ணே” என்று எவ்வளவு பணிவாகக் கேட்டாலும் அவரால் எதையும் குறைக்க முடியாது. இதை எந்த ஊர்க் கடைக்கும் விதியாக வைத்துக்கொள்ளலாம்: தோசை, ஆம்லெட், ஊத்தப்பம் போல நம் கண்முன்னே அப்போதைக்கப்போது செய்வதில்தான் காரத்தைக் குறைக்க முடியும். அண்டாவில் ஏற்கெனவே கொதித்ததை யாராலும் மாற்ற முடியாது. இரவுச் சாப்பாட்டில் பெரும்பகுதி அண்டாவிலிருந்து வருவது. குழந்தைக்கு மிஞ்சுவது வெறும் பரோட்டா. தூங்கப் போகும் நேரத்தில் அவ்வளவு மைதாவும் எண்ணெயும் சின்ன வயிற்றுக்குச் சுமைதான். பாலில் ஊறவைத்துப் பிசைந்து இரண்டு வாய் கொடுக்கலாம், அதற்குமேல் வேண்டாம். பக்கத்தில் வைக்கும் வெங்காயத் தயிர்ப்பச்சடியைக் குழந்தைக்குக் கொடுக்காமல் விடுங்கள். நறுக்கி எவ்வளவு நேரம் ஆனது என்று நமக்குத் தெரியாது.

பார்சல் வாங்கி அறையில் சாப்பிடுவது ஒரு வழி. பன் பரோட்டாவும் கொத்தும் அதற்கு ஓரளவு ஈடுகொடுக்கும். கறி தோசை ஈடுகொடுக்காது. இலையில் மடித்த பத்தாம் நிமிடமே அது நமத்துவிடும். பார்சல்தான் என்று முடிவானால் ஒரு எவர்சில்வர் தூக்கு எடுத்துப் போங்கள். கொதிக்கிற சால்னாவை பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்குவதைவிட அது எவ்வளவோ மேல், கடைக்காரரும் முகம் சுளிக்காமல் ஊற்றித் தருவார்.

நான் சொல்லும் வழி வேறு. குழந்தை தூங்கியதும் ஒருவர் அறையில் இருக்க, மற்றவர் போய்ச் சாப்பிட்டு வரட்டும். அடுத்த நாள் முறை மாறட்டும். முதல் இரவு அம்மா போகட்டும். பகல் முழுக்கக் குழந்தைக்கு ஊட்டிவிட்டு, ஆறிப்போன மிச்சத்தைச் சாப்பிடுகிறவள் பெரும்பாலும் அவள்தான். சுடச்சுடக் கல்லிலிருந்து இறங்கிய ஒரு தோசையை இரண்டு கையும் ஓய்வாக இருந்து அவள் சாப்பிட வேண்டும். கூட ஒரு சித்தியோ அத்தையோ வந்திருந்தால் இருவரும் சேர்ந்தே போகலாம்.

மதியத்துக்கு மதுரையில் இரண்டு முகம். ஒன்று, தல்லாகுளத்து மெஸ்கள். அம்மா மெஸ், சந்திரன் மெஸ், குமார் மெஸ் என்று பெயர் பெற்றவை எல்லாம் வைகைக்கு வடக்கே, ஒன்றுக்கொன்று அருகில். அயிரை மீன் குழம்பு, நண்டு ஆம்லெட், கோலா உருண்டை, சுக்கா என்று பெரியவர்களுக்குத் திருவிழா. இரவுக் கடைகளோடு ஒப்பிட்டால் குழந்தைக்கும் இங்கே வசதி அதிகம். உட்கார நாற்காலி, தலைக்குமேல் விசிறியோ ஏசியோ, கை கழுவ இடம் எல்லாம் உண்டு. ரசமும் தயிரும் எப்போதும் கிடைக்கும். வெறும் ஆம்லெட் ஒன்றை மிளகாய் போடாமல், நன்றாக வேகவிட்டுக் கேட்டால் போட்டுத் தருவார்கள். ரசம் சாதத்தோடு அந்த ஆம்லெட்டைக் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்தால் இரண்டு வயதுக் குழந்தைக்கு முழுச் சாப்பாடு. அரைவேக்காட்டு முட்டை மட்டும் சின்னக் குழந்தைக்கு வேண்டாம்.

அயிரை மீனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மதுரைச் சுற்றுவட்டக் கண்மாய்களில் கிடைக்கும் விரலளவுகூட இல்லாத மீன் அது. உயிரோடு வாங்கி, பாலில் விட்டு மண்ணைக் கக்க வைத்து, உப்புப் போட்டு உரசிக் கழுவி, முழுசாகவே புளிக்குழம்பில் போடுவார்கள். முள்ளோடு சேர்த்து மெல்வதுதான் அதன் சுவை. மெல்லத் தெரியாத குழந்தைக்கு அதை ஊட்டாதீர்கள், குழம்பின் புளிப்பும் காரமும்கூட அதற்குத் தாங்காது. கோலா உருண்டையில் எலும்பு இல்லை, மென்மையாகவும் இருக்கும். மூன்று வயதைத் தாண்டிய, காரம் பழகிய குழந்தைக்கு அரை உருண்டையை உதிர்த்துக் கொடுக்கலாம்.

மெஸ்ஸுக்குப் போவதானால் பன்னிரண்டு மணிக்கே போய்விடுங்கள். ஒரு மணிக்குமேல் சாப்பிடுகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று இடம் பிடிக்க வேண்டியிருக்கும். பசித்த குழந்தையோடு அது முடியாத காரியம். மீனாட்சியம்மன் கோயில் நடை பன்னிரண்டரைக்குச் சாத்தி நான்கு மணிக்குத்தான் திறக்கும் என்பதால் அந்த நேரத்தில் கோயில் பக்கம் வேலையும் இல்லை.

மதியத்தின் இன்னொரு முகம், ரயில் நிலையத்துக்கு எதிரே டவுன் ஹால் ரோட்டிலும் மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியிலும் இருக்கும் சைவ ஓட்டல்கள். ஊர்ப் பெருமைக்கு இங்கே ஒன்றும் இல்லை. ஆனால் பருப்பும் நெய்யும் சாதமும் அப்பளமும் எந்தக் குழந்தையையும் ஏமாற்றாது. பக்கத்திலேயே தங்கியிருந்தால் சாப்பிட்ட கையோடு அறைக்குப் போய்த் தூங்க வைத்துவிடலாம். ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் நான் மெஸ்ஸை விட்டுவிட்டு இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். மெஸ்ஸுக்குப் போய்வரும் ஆட்டோ நேரத்தில் மதியத் தூக்கம் கலைந்தால் மாலை முழுக்க அழுகைதான்.

இனி காலை. குழந்தையோடு வருகிறவர்களுக்கு மதுரை தன்னை முழுமையாகக் கொடுப்பது காலையில்தான் என்று உறுதியாகச் சொல்வேன். இதற்கு முதல் காரணம் இட்லி. ஆவியில் வெந்து, அப்போதுதான் தட்டிலிருந்து எடுத்த பண்டத்தைவிடக் குழந்தைக்குப் பாதுகாப்பான வெளிச்சாப்பாடு கிடையாது. மதுரை இட்லி மென்மைக்குப் பேர்போனது. இன்று பல ஊர்களிலும் கிளை வைத்திருக்கும் முருகன் இட்லிக் கடை இந்த ஊரில் தொடங்கியதுதான், மேல மாசி வீதியில் அதன் கடை உண்டு. பெயர்ப் பலகைகூட இல்லாமல் வீட்டுத் திண்ணையிலும் தள்ளுவண்டியிலும் இட்லி அவிக்கும் அக்காக்கள் எல்லாத் தெருக்களிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்க் குழந்தைக்கு என்று சொன்னால் அடுத்த ஈடு இறங்கும்வரை நிற்க வைத்து, சூடான இட்லியாகப் பார்த்து எடுத்துக் கொடுப்பார்கள். பெரியவர்களுக்கு நான்கு வகைச் சட்னி. குழந்தைக்கு நெய் தொட்டோ, சூடான சாம்பாரில் நனைத்தோ கொடுக்கலாம்.

காலையில் சட்னிகூட நம்பத் தகுந்தது. விடிகாலையில் அரைத்த தேங்காய்ச் சட்னி எட்டு மணிக்குப் புதிதாக இருக்கும். அதே சட்னி சித்திரை, வைகாசி வெயிலில் பதினொரு மணிக்குப் புளித்திருக்கும். குழந்தைக்கு வயிறு கெடுவதற்குப் பல நேரம் பண்டத்தைவிடத் தொட்டுக்கொள்வதே காரணமாக இருக்கிறது. அதனால் காலையில் சட்னி தொட்டுக்கொள்ளட்டும், மற்ற வேளைகளில் கொதிக்கும் சாம்பாரோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், ஆப்பமும் தேங்காய்ப்பாலும் காலைக்கு உரியவை. இரண்டும் குழந்தைகளுக்கென்றே கண்டுபிடித்த மாதிரி. வெண்பொங்கல் வாங்கினால் முழு மிளகைப் பொறுக்கி எடுத்துவிட்டு ஊட்டுங்கள், ஒரு மிளகைக் கடித்த குழந்தை அதற்குப் பிறகு வாயைத் திறக்காது. தள்ளுவண்டியில் பெரிய பாத்திரத்தில் சூடாக விற்கும் பருத்திப்பால் மதுரையின் தனிச் சிறப்பு. பருத்தி விதையை ஊறவைத்து ஆட்டிப் பால் எடுத்து, அரிசி மாவும் கருப்பட்டியோ வெல்லமோ சுக்கும் ஏலக்காயும் சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். பெரியவர்கள் ஒரு டம்ளர் கட்டாயம் குடியுங்கள். இரண்டு வயது வரை சர்க்கரை, வெல்லம் சேர்த்தவை வேண்டாம் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வதால், அதைத் தாண்டிய குழந்தைக்கு மட்டும் ஆறவைத்து நான்கைந்து கரண்டி.

இரண்டாவது காரணம் வீதி. கோயிலைச் சுற்றிய சித்திரை வீதிகளில் வண்டிகள் ஓடுவதில்லை. கல் பாவிய அகலமான தரையில், கோபுர நிழலில், குழந்தையை இறக்கிவிட்டு நாம் பின்னாலேயே நடக்கலாம். குழந்தையை ஸ்ட்ரோலரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போக நினைப்பவர்களுக்கு நகருக்குள் சரிப்படும் வீதிகள் இவை மட்டும்தான். வெளியே மாசி வீதிக்கு வந்துவிட்டால் இடுப்புதான். கோயில் நடை ஐந்து மணிக்கே திறந்துவிடுவதால், ஆறரைக்குத் தரிசனம் முடித்து ஏழரைக்கு இட்லி என்று வைத்துக்கொண்டால் வெயில் ஏறுமுன் அறைக்குத் திரும்பிவிடலாம். கூட்டம் குறைவு, குழந்தைக்கும் நல்ல பசி இருக்கும், கடைக்காரர்களுக்கும் பேச நேரம் இருக்கும். குழந்தைக்குத் தனியாக ஒரு சின்னத் தோசை ஊற்றிக் கொடுங்கள் என்று கேட்டால் காலையில் ஊற்றித் தருவார்கள். இரவு நெரிசலில் அதே மாஸ்டருக்கு நிமிர்ந்து பார்க்கவும் நேரம் இருக்காது.

அசைவம் இல்லாமல் முடியாது என்பவர்களுக்கும் காலையில் வழி உண்டு. இட்லிக்கும் இடியாப்பத்துக்கும் ஆட்டுக்கால் பாயா ஊற்றித் தரும் கடைகள் இங்கே இருக்கின்றன. குழந்தைக்கு வேறாக, உங்களுக்கு வேறாக ஒரே இடத்தில் கிடைக்கிறது.

மாலை நான்கிலிருந்து ஏழு வரை ஒன்றே ஒன்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் கிடைப்பதெல்லாம் இனிப்பும் எண்ணெயும்தான், அதை வரிசையாக வாங்கினால் குழந்தை இரவுச் சாப்பாட்டைத் தொடாது. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் கேள்வி. விளக்குத்தூணில் 1977 முதல் நடக்கும் ஜிகர்தண்டாக் கடை பெரியவர்களின் முதல் தேர்வாக இருக்கும். சுண்டக் காய்ச்சிய பால், கடல்பாசி, நன்னாரி சர்பத், மேலே பாசுந்தி ஐஸ்கிரீம். அதைப் பெரியவர்கள் குடிக்கட்டும். குழந்தைக்குக் குளிர்ச்சியும் சர்க்கரையும் ஒன்றாகச் சேர்ந்த பானம் அது. மூன்று வயதுக்கு மேல் என்றால் மேலே இருக்கும் ஐஸ்கிரீமில் ஒரு கரண்டி. ஐஸ் கட்டியை உடைத்துப் போடும் தெருவோரச் சர்பத்துகளை அறவே விட்டுவிடுங்கள், தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பது யாருக்கும் தெரியாது.

என் ஓட்டு முள்ளு முருங்கை அடைக்கு. கல்யாண முருங்கை இலையை அரிசியோடு அரைத்து, தட்டி, எண்ணெயில் பொரித்து எடுப்பார்கள். பச்சைப் பசேல் என்று உப்பி வரும். மேலே தூவும் பொடிதான் காரம். தூவுவதற்கு முன்னால் சொல்லிவிட்டால் குழந்தைக்குப் பொடி இல்லாமல் கிடைக்கும், நடுப்பகுதி மென்மையாகப் பிய்ந்து வரும். மேலச் சித்திரை வீதியில் கோபு ஐயங்கார் கடையின் வெள்ளையப்பமும் குழந்தைக்கு ஏற்றது. எத்தனை மணிக்கு அப்பம் போடுவார்கள் என்று காலையில் அந்தப் பக்கம் போகும்போதே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். மிளகாய்ச் சட்னிக் கிண்ணத்தை மட்டும் குழந்தையின் கைக்கு எட்டாமல் தள்ளி வையுங்கள். அல்வாவுக்கு விளக்குத்தூண் பக்கம் நாகப்பட்டினம் அல்வா கடை, ரயில் நிலையத்துக்கு அருகே பிரேமா விலாஸ். இலையில் வைத்துத் தரும் சூட்டு அல்வாவில், இரண்டு வயதைத் தாண்டிய குழந்தைக்கு நகத்தளவு ருசி காட்டலாம். அதோடு சேர்த்துத் தரும் மிக்சரில் முழு நிலக்கடலை இருக்கும். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அது தொண்டையில் சிக்கும் பண்டம், கையில் கொடுக்கவே கூடாது.

விளக்குத்தூணுக்குப் போகிற மாலையென்றால் திருமலை நாயக்கர் மகாலை முன்னால் பார்த்துவிடலாம், நடக்கும் தூரம்தான். தல்லாகுளம் பக்கம் இருந்தால் காந்தி அருங்காட்சியகத்துக்கு அருகிலேயே ராஜாஜி சிறுவர் பூங்கா இருக்கிறது. ஓடி விளையாடிய குழந்தை, கடையில் உட்கார்ந்து சாப்பிடும்.

இரண்டாம் நாள் காலியாக இருந்தால் நகரத்தை விட்டு 20 கிலோமீட்டர் தள்ளி அழகர்கோயிலுக்குப் போவது நல்ல மாற்று. அங்கே பிரசாதமாகத் தரும் தோசை வேறெங்கும் கிடைக்காதது. அரிசியும் உளுந்தும் மிளகும் சேர்ந்த கனத்த மாவை நெய்யில் பொரித்தது. ஓரம் கடினமாக இருக்கும், நடுவில் பிய்த்துக் கொடுத்தால் குழந்தை ஆசையாகச் சாப்பிடும். ஆனால் அங்கே குரங்குகள் அதிகம், கையில் தின்பண்டத்தோடு நிற்கும் குழந்தையிடம்தான் முதலில் வரும். வண்டிக்குள்ளேயோ கூரையுள்ள கூட்டமான இடத்திலோ உட்கார்ந்து ஊட்டுங்கள், பையைத் திறந்து வைக்காதீர்கள்.

தங்குவது எங்கே என்பதையும் சாப்பாடுதான் முடிவு செய்ய வேண்டும். வடகரையில் தல்லாகுளம், கே.கே. நகர், அண்ணா நகர் பக்கம் அமைதி அதிகம், மெஸ்கள் அருகில். தென்கரையில் ரயில் நிலையத்துக்கும் கோயிலுக்கும் நடுவே சத்தம் அதிகம், ஆனால் காலையும் மாலையும் கால்நடையாக முடியும். காலையே முக்கியம் என்று சொல்லிவிட்டதால் நான் தென்கரையைச் சொல்வேன், தெருவைப் பார்க்காத பின்பக்க அறையாகக் கேட்டு வாங்குங்கள். சித்திரைத் திருவிழா நாட்களில் மட்டும் சின்னக் குழந்தையோடு சாப்பாட்டுக்கென்று வர வேண்டாம். அந்தக் கூட்டத்தில் எந்தக் கடையும் நிதானமாக இருக்காது.

ஒரே நாள் என்றால்: கோயில், இட்லி, பருத்திப்பால், மதியம் பக்கத்திலேயே நெய்ச் சாதம், தூக்கம், மாலையில் ஒரு முள்ளு முருங்கை அடை. இரண்டு நாள் என்றால் இரண்டாம் நாள் பன்னிரண்டு மணிக்கு மெஸ், இரவில் முறைபோட்டுக் கறி தோசை. தாத்தா பாட்டியும் கூட வந்தால் இரவும் மெஸ்ஸும் இன்னும் எளிது, ஒருவர் மாற்றி ஒருவர் குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம். பையில் காய்ச்சி ஆறிய தண்ணீரும், மருந்துக் கடையில் வாங்கிய ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும், குழந்தையின் சொந்தக் கரண்டியும் கிண்ணமும் எப்போதும் இருக்கட்டும். வயிற்றுப்போக்கு வந்தால் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் மட்டுமே கரைத்துக் கொடுங்கள். சோர்ந்து போனாலோ சிறுநீர் குறைந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

திரும்பும் ரயிலுக்கு இட்லியே கட்டிக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவியது, குழந்தைக்கு நெய் மட்டும் தடவியது, இரண்டையும் வேறு வேறு வாழையிலையில். சட்னி பொட்டலம் வேண்டாம் என்று கடையிலேயே சொல்லிவிடுங்கள், திண்டுக்கல் தாண்டுவதற்குள் அது கசிந்து குழந்தையின் மாற்றுத்துணியை நனைத்துவிடும்.